ஓசூரில் ஒரு குட்டிக் கடல்: 24 லிட்டரில் ரீஃப் டேங்க் வைக்கலாமா?

நம்ம ஊர்ல இருந்து கடல் எவ்வளவு தூரம்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? சென்னை கடற்கரைக்கே கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். ஓசூர் இருக்கிறது கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்துல. சிப்காட் சைரனும் லாரி ஹாரனும் கேட்கிற ஊர்ல, ஒரு ரூமோட மூலையில 30 சென்டிமீட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கடல் வைக்க முடியுமா? முடியும். நான் வச்சிருக்கேன். ஆனா முதல் தடவை வச்சப்ப ரெண்டு உயிரைக் கொன்னேன். அதனால இந்தக் கட்டுரையை அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

செகண்ட் இயர் லீவ். அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்கிட்டிருந்தார். நான் பார்டர் தாண்டி பெங்களூரு பக்கம் ஒரு கடையில ஆரஞ்சு கலர் கிளவுன்ஃபிஷ் ரெண்டு வாங்கிட்டு பஸ்ல வந்தேன். டேங்க் போட்டு மூணு நாள்தான் ஆச்சு. "தண்ணி இன்னும் செட் ஆகலையே அண்ணா"ன்னு கேட்டதுக்குக் கடைக்காரர் ஒரு பாக்டீரியா பாட்டிலைக் கையில கொடுத்துட்டு "ஏனூ ஆகல்லா"ன்னார். ஒண்ணும் ஆகாதாம். ஆறாவது நாள் ஒண்ணு மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிட்டு இருந்துச்சு. சாயங்காலம் போயிடுச்சு. அடுத்த நாள் காலையில இன்னொண்ணு. அதுக்கப்புறம்தான் டெஸ்ட் கிட் வாங்கினேன், பாருங்க என் அறிவை. அம்மோனியா 2 பிபிஎம் நிறம் காட்டுச்சு. அம்மா வாசல்ல தென்னை மரத்தடியில குழி தோண்டச் சொன்னாங்க. "உப்புத் தண்ணில இருந்த ஜீவனை எதுக்குடா இங்க கொண்டு வந்த?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

கடைக்காரர் மேல கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்ல. நைட்ரஜன் சுழற்சி நமக்கு என்விரான்மென்டல் சயின்ஸ் பேப்பர்ல வந்துச்சு. பன்னெண்டு மார்க் கேள்வியா எழுதிட்டு மறந்துட்டேன், அவ்வளவுதான்.

அந்த பன்னெண்டு மார்க் கேள்வி

மீன் விடுற கழிவு, தின்னாத தீனி, அழுகின எதுவா இருந்தாலும் அம்மோனியாவா மாறும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் ஓரளவு இருந்தா ஆபத்தில்ல, தண்ணி மாத்தி வெளியேத்திடலாம். பிரச்சினை என்னன்னா புது டேங்க்ல இந்த பாக்டீரியாவே இருக்காது. அதுங்க கல்லு மேலயும் மணல்லயும் ஒட்டிப் பெருக நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும்.

நல்ல தண்ணி மீன் வளர்த்தவங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அம்மோனியா தண்ணில ரெண்டு வடிவத்துல இருக்கும்: அம்மோனியம் அயனி, அம்மோனியா வாயு. செவுளைத் தாண்டி உள்ள போய்க் கொல்றது ரெண்டாவது. பிஎச் ஏற ஏற ரெண்டாவதோட பங்கு ஏறும். கடல் தண்ணியோட பிஎச் 8.1ல இருந்து 8.3. பிஎச் 7ல இருக்கிற கோல்ட்ஃபிஷ் தொட்டியோட ஒப்பிட்டா, அதே அளவு அம்மோனியா இங்க சுமார் 10 மடங்கு விஷம். கோல்ட்ஃபிஷ் தாங்கினது கிளவுன்ஃபிஷ் தாங்காததுக்கு இதுதான் முக்கியக் காரணம். "கடல் மீன் ரொம்ப டெலிகேட்"ங்கிறது பாதி உண்மைதான்.

சரி, மீனே இல்லாம சுழற்சியைத் தொடங்க என்ன பண்ணணும்? அம்மோனியம் குளோரைடு. கெமிஸ்ட்ரி லேப்ல பார்த்திருப்பீங்க. என் டேங்க்ல நிகரத் தண்ணி 24 லிட்டர். 2 பிபிஎம் அம்மோனியா வேணும்னா 48 மில்லிகிராம். மூலக்கூறு எடை விகிதம் 53.5க்கு 17. பெருக்கினா ஏறக்குறைய 150 மில்லிகிராம் அம்மோனியம் குளோரைடு. இவ்வளவுதான், ஒரு சிட்டிகை கூட இல்ல. போட்டுட்டு ரெண்டு நாளுக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க. முதல்ல அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். அப்புறம் நைட்ரைட் இறங்கும், நைட்ரேட் ஏறும். ஒரு நாள் 2 பிபிஎம் போட்டு, 24 மணி நேரத்துல அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்தா டேங்க் ரெடி. எனக்கு 38 நாள் ஆச்சு. அந்த 38 நாளும் வெறும் கல்லையும் தண்ணியையும் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி வர்றவங்க போறவங்க கிட்ட எல்லாம் "அண்ணன் கல்லு வளர்க்குறான்"னு சொல்லிட்டு இருந்தா.

பெட்டி

30 சென்டிமீட்டர் கனசதுரம். கொள்ளளவு 27 லிட்டர், கல்லும் மணலும் போக 24. மெக்கானிக்கல் மக்களுக்காக ஒரு கணக்கு: அடியில அழுத்தம் சுமார் 3 கிலோபாஸ்கல். ஒரு பக்கக் கண்ணாடி மேல மொத்த விசை 136 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 14 கிலோ எடை சாஞ்சு நிக்கிற மாதிரி. 5 மில்லிமீட்டர் கண்ணாடி போதும். கண்ணாடி, மணல், கல்லு எல்லாம் சேர்த்து 40 கிலோ பக்கம் வரும், அதனால படிக்கிற பிளைவுட் டேபிள் மேல வைக்காதீங்க. அடியில தெர்மாகோல் ஷீட் போடுங்க. பெட்டிக்கு இது போதும்.

தண்ணி: இங்கதான் நம்ம ஊர்ப் பிரச்சினை

எங்க ஏரியா போர் தண்ணியோட டிடிஎஸ் 780. பக்கெட்ல வெள்ளைக் கறை, ஹீட்டர் ராடுல சுண்ணாம்பு, உங்க வீட்லயும் அதே கதையாத்தான் இருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வர்ற நாள்ல டிடிஎஸ் குறைவு, ஆனா அதுல குளோரின் இருக்கும். ரெண்டுமே நேரடியா ஆகாது. கடல் உப்பு 35,000 பிபிஎம், அதுல 780 என்ன பண்ணிடும்னு கேட்கலாம். நானும் கேட்டேன். அதுல என்ன இருக்குங்கிறதுதான் பிரச்சினை. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் பாசிக்குச் சாப்பாடு. பழைய பைப்புல இருந்து வர்ற தாமிரம் நத்தைக்கும் இறாலுக்கும் விஷம். அதோட தினமும் ஆவியாகிறதுக்குப் பதிலா இதே தண்ணியை ஊத்திக்கிட்டே இருந்தா அதெல்லாம் உள்ளேயே சேர்ந்துட்டே போகும்.

வீட்டு ஆர்ஓ மெஷின்ல வர்ற தண்ணி பெரும்பாலும் 50ல இருந்து 80 டிடிஎஸ் காட்டும். மெம்பிரேன் மோசம்னு அர்த்தமில்ல. ருசிக்காக டெக்னீஷியன் கொஞ்சம் பச்சைத் தண்ணியைக் கலக்குற வால்வைத் திறந்து வச்சிருப்பார். நான் மெம்பிரேனுக்கு அப்புறம் ஒரு டி போட்டு, கலக்குறதுக்கு முன்னாடியே தண்ணி எடுத்து, டிஐ ரெசின் நிரப்பின ஒரு சின்னக் குழாய் வழியா விடுறேன். மீட்டர் 0 காட்டுது. ஆர்ஓ கழிவுத் தண்ணியை அம்மா மாடிப்படி கழுவ எடுத்துக்குறாங்க.

அடுத்தது உப்பு. "தூத்துக்குடி உப்பு கடல்ல இருந்துதானே வருது, அதையே கரைச்சா என்ன?" என் ரூம்மேட் கேட்ட கேள்வி, அதுவும் அவன் தூத்துக்குடிக்காரன். பதில் உப்பளத்துலயே இருக்கு. பாத்தியில தண்ணி வத்த வத்த எல்லா உப்பும் ஒரே நேரத்துல படியாது. சுண்ணாம்புச் சத்து முன்னாடியே கால்சியம் கார்பனேட்டாவும் ஜிப்சமாவும் படிஞ்சிடும். சோடியம் குளோரைடு படிஞ்ச உடனே மிச்சம் இருக்கிற கசப்புத் தண்ணியை வடிச்சு விட்டுடுவாங்க, மெக்னீசியம் அதோட போயிடும். அதாவது நல்ல சமையல் உப்பு தயாரிக்கிறதுன்னா கடல்ல இருந்து கடலைக் கழிக்கிறதுதான். கடல் தண்ணியில கரைஞ்ச உப்புல சோடியமும் குளோரைடும் சேர்ந்து சுமார் 86 சதவீதம். மீதி 14 சதவீதத்துல இருக்கிற மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் இல்லாம ரீஃப் உயிர் எதுவும் நிக்காது. அதனால ரீஃப் சால்ட் மிக்ஸ்தான் வாங்கணும், வேற வழி இல்ல. லிட்டருக்கு சுமார் 36 கிராம். 24 லிட்டருக்கு 860 கிராம் சொச்சம். டேங்குக்குள்ள கொட்டாதீங்க, வேற பக்கெட்ல போட்டு மோட்டார் ஓடவிட்டு ஒரு நாள் கலக்குங்க.

உப்பளவு 35 பிபிடி, அதாவது அடர்த்தி எண் 1.026 பக்கம். அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினீங்கன்னா சுத்தத் தண்ணியில சுழியம் வச்சா மட்டும் நம்பாதீங்க. விலை குறைஞ்ச மாடல் நிறைய வெறும் சோடியம் குளோரைடுக்கு வரைஞ்ச ஸ்கேல். சோதிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு: 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடை 963.5 கிராம் டிஐ தண்ணியில கரைச்சா, அதோட ஒளிவிலகல் எண் 35 பிபிடி கடல் தண்ணிக்குச் சமம். அதை ஒரு சொட்டு விட்டு 35ல நிறுத்துங்க. என் மீட்டர் 2 பிபிடி தப்பாக் காட்டிட்டு இருந்துச்சு.

ஆவி

சின்ன டேங்க் சுலபம்னு நினைக்காதீங்க. பெரிய டேங்க்தான் சுலபம். தண்ணி கம்மியா இருந்தா தப்பு பண்ணவும் இடம் கம்மி. ஆவியாகிறது வெறும் தண்ணிதான், உப்பு உள்ளேயே இருக்கும். நம்ம ஊர்ல மார்ச், ஏப்ரல்ல காத்து காய்ஞ்சு கிடக்கும். ஃபேன் வச்ச என் டேங்க்ல ஒரு நாளைக்கு 400 மில்லி போகுது. மூணு நாள் ஊருக்குப் போயிட்டா 1.2 லிட்டர். 35 பிபிடி 36.8 ஆயிடும். திரும்பி வந்து பதட்டத்துல மொத்தமா ஊத்தினா அது இன்னொரு அதிர்ச்சி. கண்ணாடியில ஸ்கெட்ச்ல ஒரு கோடு போட்டு, தினமும் காலையில பல் தேய்க்கிற நேரத்துல கோடு வரைக்கும் டிஐ தண்ணி ஊத்துங்க. உப்புத் தண்ணி ஊத்தக்கூடாது! இது தெரியாமலே நிறைய பேர் டேங்கை ஊறுகாய் ஆக்கியிருக்காங்க.

ஆனா அதே ஆவிதான் ஏசி மாதிரி வேலை செய்யுது. ஒரு கிலோ தண்ணி ஆவியாக சுமார் 2.4 மெகாஜூல் வேணும். 400 மில்லின்னா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1 மெகாஜூல், அதை 86,400 வினாடியால வகுத்தா 11 வாட். லைட்டும் மோட்டாரும் சேர்ந்து தண்ணிக்குள்ள தர்ற சூடு 20 வாட்னு வச்சுக்கோங்க. சூடு எங்கயும் வெளிய போகலைன்னா மணிக்கு முக்கால் டிகிரி ஏறும். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணைத் தண்ணி மேல ஊதுற மாதிரி வச்சா அதுல பாதிக்கு மேல எடுத்துடுது, ரூம் தண்ணியை விடக் குளிர்ச்சியா இருந்தா மீதி கண்ணாடி வழியா போயிடும். போன மே மாசம் ரூம் 32 டிகிரி இருந்தப்ப டேங்க் 27ல நின்னுச்சு. சில்லர் வாங்க 20,000 கேட்டாங்க. ஃபேன் ஸ்கிராப்ல கிடைச்சது.

டிசம்பர்ல கதை தலைகீழ். ஓசூர் குளிர் தெரியும்ல? ராத்திரி ரூமே 18 டிகிரிக்கு இறங்கும். 50 வாட் ஹீட்டர் ஒண்ணு வேணும், கூடவே தனி தெர்மோஸ்டாட். ஹீட்டருக்குள்ள இருக்கிற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சுன்னா மீன் குழம்புதான். 24ல இருந்து 27க்குள்ள நிலையா வச்சுக்கோங்க, தினமும் மேல கீழ ஆடுறது ஒரு டிகிரி அதிகமா இருக்கிறதை விட மோசம்.

அது கல்லு இல்ல

இனி சொல்லப் போறதுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதவே ஒத்துக்கிட்டேன்.

ரெண்டாவது தடவை செட் பண்றப்ப பாக்டீரியா தங்க துளைத் துளையான கல்லு தேடிட்டு இருந்தேன். இன்னொரு கடையில மேஜைக்கு அடியில இருந்து நியூஸ்பேப்பர் சுத்தின ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துக் காட்டினாங்க. தேன்கூடு மாதிரி அறை அறையா, அவ்வளவு அழகு. விலையும் கம்மி. ஃபோட்டோ எடுத்து ரூம்மேட்டுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷம் கால் பண்ணான். "டேய், வாங்கிடாத. அது கல்லு இல்ல, பவளம். எங்க தாத்தா வள்ளத்துல போய் இதைத்தான் உடைச்சு எடுத்துட்டு வருவார்."

அன்னைக்கு ராத்திரி அவன் சொன்னது எனக்கு எந்தப் புத்தகத்துலயும் வரல. மன்னார் வளைகுடாவுல ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல 21 தீவு, அதைச் சுத்திப் பவளப்பாறை. பல வருஷமா அதை உடைச்சுச் சுண்ணாம்புச் சூளைக்கும் தொழிற்சாலைக்கும் கட்டுமானத்துக்கும் எடுத்துட்டுப் போனாங்க. சாப்பாட்டுக்குச் செஞ்ச வேலை, அவன் தாத்தாவைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்ல. 1986ல அந்தப் பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க, 1989ல உயிர்க்கோளக் காப்பகம். 2001ல கடினப் பவளங்கள் எல்லாத்தையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாங்க. புலி இருக்கிற அதே அட்டவணை. கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் குதிரையும் அதுல உண்டு. 2005 வாக்குலதான் உடைக்கிறது நின்னுச்சு. அதுக்குள்ள 21 தீவுல ரெண்டு, விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும், கடலுக்கு அடியில போயிடுச்சு. அலையைத் தடுத்து நின்ன பாறையை எடுத்துட்டா தீவு கரைஞ்சிடும், அவ்வளவு எளிமையான இயற்பியல்.

தூத்துக்குடிக்குப் பக்கத்துல வான் தீவும் அப்படிக் கரைஞ்சுட்டே வந்துச்சு. அதைச் சுத்தி ஓட்டை போட்ட சரிவக வடிவ கான்கிரீட் கட்டைகளை இறக்கி அலையோட வேகத்தைக் குறைச்சாங்க. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் ஐஐடி மெட்ராஸும் இதுல வேலை பார்த்தாங்க. சிவில் நண்பர்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறவங்க இதைக் கொஞ்சம் பாருங்க. அதே நிறுவனம் உடைஞ்ச பவளத் துண்டுகளைச் சிமெண்ட் சட்டத்துல கட்டிக் கடலுக்கடியில நட்டு வளர்க்கிற வேலையையும் 2000களோட தொடக்கத்துல இருந்து செய்யுது. நட்டது வளர்றப்பவே 2010லயும் 2016லயும் கடல் சூடாகிப் பெரிய வெளிறல் வந்துச்சு. பவளத்தோட சதைக்குள்ள நுண்பாசி குடியிருக்கும், வெளிச்சத்துல அது தயாரிக்கிற சர்க்கரைதான் பவளத்தோட பெரும்பகுதி சாப்பாடு. தண்ணி 30 டிகிரிக்கு மேல வாரக்கணக்குல நின்னா அந்தப் பாசியைப் பவளமே வெளியேத்திடும். வெள்ளை எலும்பு தெரியும். என் ஃபேன் 11 வாட்ல தடுக்கிறது இதைத்தான்.

ஆக, உங்களுக்கு நேரடியாச் சொல்றேன். கடினப் பவளம் உயிரோட இருந்தாலும் செத்த எலும்பா இருந்தாலும் வாங்காதீங்க. "லைவ் ராக்"னு சொல்லி விக்கிற நம்ம கடல் பாறையும் வேண்டாம். விக்கிறவங்க மட்டுமில்ல, வச்சிருக்கிறவங்க மேலயும் வழக்கு வரும். ராமேஸ்வரம் டூர் போனப்ப வாங்கிட்டு வந்து ஷோகேஸ்ல வச்ச துண்டுக்கும் இதே சட்டம்தான்.

மாற்று? சூளையில சுட்ட செராமிக் ராக். நான் மூணு கிலோ வாங்கினேன். சிமெண்டும் நொறுக்கின சிப்பி ஓடும் கலந்து நீங்களே வார்க்கலாம், ஆனா சிமெண்ட் பிஎச்சைத் தூக்கிடும், ஆறு எட்டு வாரம் தண்ணி மாத்தி மாத்தி ஊற வைக்கணும். கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு உடனே தோணும்: நம்ம ஊர் கிரானைட்? விஷம் இல்ல, கரையாது. ஆனா துளையே இல்லாத கல்லுல பாக்டீரியா எங்க குடியிருக்கும்? அலங்காரத்துக்கு ஒரு துண்டு வைக்கலாம், ஃபில்டரா நம்பக்கூடாது.

உள்ள யாரை விடலாம்

24 லிட்டர்ல மீன் விடாதீங்க. இதுல நிறைய பேர் என்னோட சண்டைக்கு வருவாங்க. ஒரு ஜோடி கிளவுன்ஃபிஷ்ஷுக்கு 70, 80 லிட்டராவது வேணும்ங்கிறது என் கருத்து. அந்த அளவு டேங்க் வைக்கிறவங்க ஹேச்சரியில பொரிச்ச மீனான்னு கேட்டு வாங்குங்க. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், ஒரு காலத்துல அதோட தலைமையகமே மண்டபத்துலதான் இருந்துச்சு, கிளவுன்ஃபிஷ்ஷைத் தொட்டியிலயே இனப்பெருக்கம் பண்ண வைக்கிற முறையை எப்பவோ உருவாக்கிட்டாங்க. பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்துலயும் செஞ்சிருக்காங்க. ஆண் மீன் முட்டைக்கு விசிறிவிட்டுக் காவல் காக்கும், ஒரு வாரத்துல பொரிக்கும். அப்படி வளர்ந்த மீன் இருக்கிறப்ப கடல்ல இருந்து பிடிச்சது எதுக்கு?

என் டேங்க்ல இப்ப இருக்கிறது: நாலு நத்தை, ஒரு துறவி நண்டு, ஒரு பச்சை மஷ்ரூம் பவளம் (இது கடினப் பவளம் இல்ல, எலும்புக்கூடு கிடையாது), ஒரு சொருகியில வளர்ந்த பத்துப் பதினஞ்சு ஜோவாந்தஸ் பூ. ரெண்டும் வளர்ப்புத் துண்டா வாங்கினது, பில் இருக்கு. பில் தர மாட்டேன்னு சொன்ன கடையில வாங்கல. சந்தேகம் இருந்தா வனச்சரக அலுவலகத்துல போய்க் கேளுங்க, நான் கேட்டேன், சிரிச்சாங்க, ஆனா பதில் சொன்னாங்க.

ஜோவாந்தஸ் வைக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, இது விளையாட்டில்ல. அந்தக் குடும்பத்துல சிலதுல பாலிடாக்சின்னு ஒரு கடுமையான விஷம் இருக்கு. கையுறையும் கண்ணாடியும் போடாம வெட்டாதீங்க. அது ஒட்டின கல்லைச் சுத்தம் பண்றேன்னு கொதிக்க வைக்கவே கூடாது. வெளிநாட்டுல அந்த ஆவியைச் சுவாசிச்சு வீட்ல இருந்த எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் இருக்கு.

முதல் ரெண்டு மூணு மாசம் டேங்க் அசிங்கமா இருக்கும். முதல்ல பழுப்பு, அப்புறம் பச்சை முடி மாதிரி பாசி. இடிஞ்சு போயிடாதீங்க. பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ச்சு விடுங்க, லைட்டை எட்டு மணி நேரத்துக்கு மேல போடாதீங்க, வாரம் ரெண்டரை லிட்டர் தண்ணி மாத்துங்க. இந்த அளவு டேங்குக்கு ஸ்கிம்மர், டோசிங் பம்ப் எதுவும் தேவையில்ல, அந்த ரெண்டரை லிட்டர்தான் எல்லாம். வாரத்துக்கு 90 கிராம் உப்பு, அவ்வளவுதான் நிரந்தரச் செலவு. முதல் செலவு எனக்கு 11,500 ஆச்சு. இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் ரெண்டு மாசம்.

கரண்ட்

உப்புத் தண்ணி கரண்ட்டை நல்லாக் கடத்தும். எல்லா வயரும் பிளக்கை விடக் கீழ ஒரு வளைவு தொங்கிட்டுத்தான் பிளக்குக்குப் போகணும், வழியிற சொட்டு அங்கேயே விழுந்துடும். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்ல இந்த வேலையைத் தொடங்காதீங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட கேளுங்க, அல்லது ஆர்சிசிபி உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்குங்க.

அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9ல இருந்து மாலை 5 வரைக்கும் மோட்டார் நின்னா என்ன ஆகும்? 25 டிகிரியில நல்ல தண்ணி லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். கடல் தண்ணி 6.7தான். இருப்பே கம்மி, அசைவும் நின்னா கல்லுக்குள்ள இருக்கிற பாக்டீரியாவே முதல்ல மிச்சத்தைத் தின்னுடும். எட்டு மணி நேரத்துக்கு லைட் இல்லைன்னா பரவாயில்ல, ஹீட்டர் கூட ஒரு போர்வை சுத்தினா சமாளிக்கலாம். காத்து மட்டும் வேணும். பவர் பேங்க்ல ஓடுற யுஎஸ்பி ஏர் பம்ப், 1.5 வாட். 10,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்க் இழப்பு போக 20 மணி நேரத்துக்கு மேல தாங்குது, ஓட்டிப் பார்த்தேன்.

நாளைக்கு எங்க ஃபீடர்ல ஷட்டவுன். எனக்கு காலேஜ்ல ரிவ்யூ, அப்பாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். பம்ப் சுவிட்சை எப்படிப் போடணும்னு அம்மாவுக்கு ரெண்டு தடவை காட்டியாச்சு. "நீ போடா, நான் பார்த்துக்குறேன், என் செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரிதானே"ன்னாங்க. இப்ப மீட்டர்ல 35 பிபிடி, 25.4 டிகிரி. ஜோவாந்தஸ்ல பதினாறாவது பூ திறந்திருக்கு.